பக்கத்துச் செல்லுக்கு ஒரு சொல்

ஹெல்சிங்கியில் ஜனவரி. ஒன்பது மணிக்கு மேல்தான்
சூரியன் வேலைக்கு வருகிறது.
ஐலா கெட்டுனென் ஆறுக்கே வந்துவிட்டாள்.
குளிர்பெட்டியில் நேற்றைய ரத்தம்:
ஓலுவிலிருந்து, கொட்காவிலிருந்து,
ஏதோ மர ஆலையின் மதிய இடைவேளையிலிருந்து.
சிவப்பு ஆஸ்பத்திரிகளுக்குப் போகும்.
மஞ்சள் நீர் வேறெங்கோ.
நடுவில் பாலாடைபோல் படிந்த வெள்ளை ஏடு
யாருக்கும் வேண்டாதது.
அது இவளுக்கு.

ஏட்டை வழித்துக் குடுவையில் இட்டு
கோழிமுட்டையில் வளர்த்த வைரஸைக் கலக்கிறாள்.
மனிதரை அது பெரிதாக ஒன்றும் செய்யாதாம்.
வெள்ளணுக்களுக்கு அது தெரியாது.
இரவு முழுக்க, முப்பத்தேழு டிகிரிச் சூட்டில்,
பதறிக் கத்துகின்றன.

சத்தமில்லாக் கத்தல்.
ஒரு புரதம், மணி கோத்த சரடுபோல் மடிந்தது,
சுவர் தாண்டிப் போய்ச் சொல்கிறது:
எனக்கு வந்துவிட்டது, நீ கதவைச் சாத்து.
சொன்னவன் பெரும்பாலும் பிழைப்பதில்லை.

விடிந்ததும்
(விடியாத விடியல்தான்)
கத்தியவர்களை அடியில் தங்கவிட்டு
கத்தலை மட்டும் வடித்தெடுக்கிறாள்.
அதன் பெயர் இண்டர்ஃபெரான்.
ஒரு வருஷத்து ரத்தத்துக்கு ஒரு சிட்டிகை.
உப்பாக இருந்தால்
ஒரு முட்டைக்குக் காணாது.

நான்காம் மாடியில் உர்ஹோ வானனென்,
கொட்காத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
இடது சிறுநீரகம் போயிற்று.
நுரையீரல் படத்தில் ஏழு வட்டங்கள்.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள்.
புற்றிடம் இருக்கிறது.
அது அந்நியன் இல்லையே,
அவர் சிறுநீரகம் பெற்ற பிள்ளை,
அதே முகவரி, அதே குடும்பப் பெயர்.
ரோந்து வந்தால் கதவைப் பாதி திறந்து
எல்லாம் சௌக்கியம் என்று அனுப்பிவைக்கும்.

முதல் ஊசி ஏறிய ராத்திரி
பல் கிட்டியது. கட்டில் கிடுகிடுத்தது.
மூன்று கம்பளியும் போதவில்லை.
"சௌனா சூட்டையெல்லாம் தந்துவிட்டு
சுகத்தை மட்டும் மறந்துவிட்டார்கள்" என்றார்
செவிலி மார்யுக்காவிடம்.

மருந்துக் கணக்கு சரிபார்க்க
ஒருநாள் மேலே போன ஐலாவைப் பிடித்துக்கொண்டார்:
இது யார் ரத்தம்?
பல நூறு பேருடையது என்றாள்.
கொட்காக்காரன் ஒருத்தனாவது இருப்பானா?
இருக்கலாம்.
அப்படியென்றால் சரி,
எங்கள் ஆட்கள் கத்தினால் கப்பலுக்கே கேட்கும்.

பிறகு தணிந்த குரலில் சொன்னார்,
கிரேன் கூண்டுக்கு எந்தக் கத்தலும் எட்டாது.
கீழே ஒருவன் நிற்பான். அவன் கைதான் எல்லாம்.
விரல் மேலே என்றால் தூக்கு.
உள்ளங்கை என்றால் நிறுத்து.
மூடுபனியில் கை தெரியாவிட்டால்
எத்தனை டன்னானாலும் அந்தரத்தில் தொங்கட்டும்,
அசைக்கக் கூடாது.
ஒரே நேரத்தில் நாலு பேர் கைகாட்டினாலும் ஆபத்துதான்.
ஒருமுறை அப்படித்தான், பேப்பர் உருளைகள்...
முடிக்கவில்லை. காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது.

அந்தப் புரதம் அவருக்குள் என்ன செய்தது?
புற்றணுவின் தோளைத் தட்டி
உன் அட்டையை வெளியே காட்டு என்றிருக்கும்.
தூங்கிய காவலை எழுப்பியிருக்கும்.
எழுப்பியும் சில காவல்
புரண்டு படுத்திருக்கும்.

மே மாதப் படத்தில்
நான்கு வட்டங்கள் சுருங்கியிருந்தன.
இரண்டு அப்படியே.
ஒன்று சற்றே பருத்திருந்தது.
பக்கத்துக் கட்டில் ஹெல்வியின் படத்திலோ
ஒரு மாற்றமும் இல்லை. அதே குடுவை, அதே அளவு.
டாக்டர் இரண்டு படங்களையும் வெளிச்சத்தில் பிடித்து
வெகுநேரம் எதுவும் சொல்லவில்லை.

உர்ஹோ வீட்டுக்குப் போன நாள்
சோதனைச்சாலை ஜன்னலில் ஐலா.
கீழே, பனி உருகிய முற்றத்தில்,
எட்டுக் கிலோ இளைத்த கோட்டுக்குள்ளிருந்து
அவர் கையைத் தூக்கினார்.
கண்ணாடியில் அவள் மூச்சு படர்ந்திருந்தது.
துடைப்பதற்குள் டாக்ஸி நகர்ந்துவிட்டது.
விரலா, உள்ளங்கையா,
தெரியவில்லை.

சூட்டுப்பெட்டியில்
இன்றைய குடுவைகள் கத்திக்கொண்டிருந்தன.